வெள்ளிக் காது

என் மாமியார் அந்தச் சட்டைகளைத் துவைத்தால், உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பித்தான் கொடியில் போடுவார். எல்லாமே கறுப்பு டி-ஷர்ட்டுகள். நெஞ்சில் மண்டையோடு, பாம்பு, பற்றி எரிகிற ஊர், இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். தெருவோடு பூசைக்குப் போகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை. அவற்றைப் போடுகிற ஆள் நாற்பதைத் தாண்டியவர், அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் மில் பிரிவைப் பார்ப்பவர், அதற்கும் மேல் என் கணவர் என்பது என் கவலை.

கல்லூரி விடுதியில் யாரோ கொடுத்த ஒரு சிடியில் ஒட்டிக்கொண்ட வியாதி அது. ஹெவி மெட்டல் என்று பெயர். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் கல்யாணத்தோடு விட்டுப்போனது. இவருக்கு விடவில்லை. அரியலூர் வீட்டில் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஸ்பீக்கர். நான் இந்தப் பக்கம் தாளித்துக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் எவனோ ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பான். என்னதான் சொல்கிறான் என்று கேட்டால் இவருக்கும் சரியாகத் தெரியாது. "வார்த்தையை விடு, கித்தாரைக் கேளு" என்பார். நான் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது.

அவருக்குத்தான் விழாமல் போனது.

முதலில் குக்கர் விசில். பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இன்னும் விசில் வரலையா?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் செல்போன் மணி, அப்புறம் அணில், அப்புறம் என் குரல். ஆலையில் அந்த மில் என்பது ஒரு வீடு பெரிசு இரும்பு உருளை. உள்ளே இரும்புக் குண்டுகள் உருண்டு உருண்டு கல்லை மாவாக்கும். காதுமூடி கொடுத்திருந்தார்கள், கொடுக்காமல் இல்லை. அந்த வெக்கையில் அது வியர்த்து அரிக்கும் என்பது ஒரு காரணம். காதைத் திறந்து வைத்தால்தான் மில் எப்படி ஓடுகிறது என்று தெரியும் என்பது இன்னொரு காரணம். இரண்டையும் என்னிடம் ஒரு பெருமையோடு சொல்லியிருக்கிறார்.

திருச்சியில் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மெல்லிசான, உச்சத்தில் வருகிற சத்தங்கள் போய்விட்டன, கனமானவை மட்டும் மிச்சம் என்றார். "போனது போனதுதான். இருக்கறதையாவது காப்பாத்திக்குங்க." என்னைப் பார்த்து, "பின்னாடி நின்னு கூப்பிடாதீங்கம்மா. முகத்தைப் பார்த்துப் பேசுங்க. தூரத்துல இருந்தா போய்த் தொட்டுக் கூப்பிடுங்க" என்றார். காதுக்கு ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். வாங்கி மாட்டியும் இரைச்சல்தான் கூடியது, பேச்சு தெளியவில்லை.

சனிக்கிழமை மாலை வரதராசன்பேட்டையில் மாமியார் வீட்டுக்குப் போவதும், ஞாயிறு பூசை முடிந்து அரியலூர் திரும்புவதும் எங்கள் வழக்கம். அந்த வாரம் போனபோது டாக்டர் சொன்னதை மாமியாரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தொட்டுக் கூப்பிட அவன் என்ன செவிடா? வேலையில கவனமா இருந்திருப்பான். நீ மெல்லப் பேசுவ."

அன்றிலிருந்து அவர் முன்னைவிட உரக்கக் கூப்பிட ஆரம்பித்தார். "தம்பீ" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் மூன்றாவது வீட்டுப் பையன் எட்டிப் பார்ப்பான். இவர் மட்டும் திரும்ப மாட்டார். திரும்பாவிட்டால் இன்னும் உரக்க. நான் எழுந்து போய் இவர் தோளைத் தொட்டால் மாமியார் என்னை முறைப்பார்.

நான் பெரம்பலூரில் டீச்சர். காலையில் அரியலூரிலிருந்து பஸ், சாயங்காலம் அதே பஸ். முன்னால் போகும் சுண்ணாம்புக்கல் லாரியை முந்த முடியாமல் டிரைவர் திட்டிக்கொண்டே வருவார், ஜன்னலோரம் உட்கார்ந்தால் முகமெல்லாம் புழுதி. பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வந்து வீட்டிலும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கத்த வேண்டும். பால் காய்ந்துவிட்டது என்று ஒரு தடவை, பால், பால் என்று இன்னொரு தடவை. சில நாள் சொல்லாமலே விட்டுவிடுவேன். நாங்கள் பேசிக்கொள்வது குறைந்ததற்குச் சண்டை காரணமில்லை, அலுப்புதான் காரணம்.

இந்த லட்சணத்தில்தான் ஒருநாள், ஜெர்மனிக்குப் போகலாமா என்றார்.

வடக்கு ஜெர்மனியில் ஏதோ ஒரு கிராமத்தில், வெட்டவெளியில், வருஷா வருஷம் மெட்டல் திருவிழா நடக்குமாம். விடுதிக் காலத்திலிருந்து அவர் கேட்கும் குழு இந்த வருஷம் அங்கே வாசிக்கிறதாம். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததைக் கீழே வைத்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாரு? இருக்கறதையாவது காப்பாத்திக்கச் சொன்னாரு. நீங்க அதையும் கொண்டுபோய்க் கொட்டிட்டு வரணும்ங்கறீங்க."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுதும் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"இத்தனை வருசமா மில்லுக்குக் குடுத்தேன்" என்றார். "இருக்கற கொஞ்சத்துல ஒரு சாயங்காலம் எனக்குன்னு குடுக்கக் கூடாதா? இப்ப விட்டா அப்புறம் எதுவும் இருக்காது."

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் அவர் சொன்னது நியாயம். அவரைத் தனியாகவும் அனுப்ப முடியாது. விமான நிலையத்தில் அறிவிப்புச் சொன்னால் யார் கேட்பது? கடைசியில், காதில் அடைப்பான் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு சரி என்றேன். விசாவுக்காகச் சென்னைக்கு அலைந்ததை இங்கே எழுத எனக்கு இப்போதும் தெம்பில்லை.

நாங்கள் யாத்திரை போகிறோம் என்கிற பேச்சு ஊரில் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். காது போனவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. திரும்பத் திரும்ப "என்ன?" என்று கேட்பதற்குக் கூச்சப்பட்டு, யார் எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டிவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பங்குச் சாமியார் இவரிடம், ஐரோப்பா போவதாகக் கேள்விப்பட்டேன், மாதா திருத்தலங்களுக்கா என்று கேட்டிருக்கிறார். இவர் சிரித்துத் தலையாட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு மைக்கிலேயே சொல்லிவிட்டார்கள். எங்கள் பங்கிலிருந்து ஒரு தம்பதி திருயாத்திரை போகிறார்கள், அவர்களுக்காக ஜெபிப்போம் என்று. நான் பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தேன். இவர் ஆண்கள் பக்கத்தில் எல்லோரையும் பார்த்து நிம்மதியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். எங்க பையனுக்கு ஒரு வேலைக்கு வேண்டிக்குங்க டீச்சர். எனக்கு முழங்கால், உங்களுக்குத் தெரியுமே. இல்லை, நாங்கள் பாட்டுக் கேட்கப் போகிறோம் என்று அந்த நடுத்தெருவில் யாரிடம் ஆரம்பிப்பது? சரிங்க, சரிங்க என்றேன். நானும் தலையாட்டத்தான் செய்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாமியார் முறுக்கும் புளிக்காய்ச்சலும் எடுத்துக்கொண்டு அரியலூர் வந்தார். பெட்டியைத் திறந்து அவரே அடுக்கினார். அடுக்கி முடித்து, ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து என் கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். வெள்ளித் தகட்டில் ஒரு காது. எங்கள் பக்கத்தில் மாதாவிடம் வேண்டிக்கொண்டால் அந்த உறுப்பை வெள்ளியில் வாங்கி வைப்பார்கள். கால்வலிக்குக் கால், கண்ணுக்குக் கண். ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் நானே சின்ன வயதில் என் அம்மாவுக்காக வெள்ளிக் கை வைத்திருக்கிறேன். ஆனால் காதை அன்றுதான் முதலில் பார்த்தேன். மடலெல்லாம் நெளிநெளியாக, நன்றாகத்தான் செய்திருந்தார்கள்.

"போற எடத்துல வச்சுட்டு வா" என்றார். இவர் காதில் விழக் கூடாதென்று மெதுவாகச் சொன்னார். அதற்கு அவசியமே இருக்கவில்லை.

திருச்சியிலிருந்து வளைகுடா வழியாக விமானம். பக்கத்து இருக்கையில் லப்பைக்குடிக்காட்டுப் பெரியவர் ஒருவர், லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிறார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஊர் தாண்டிவிட்ட தைரியத்தில் அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"பாட்டுக் கேக்கவா இவ்ளோ தொலைவு போறீங்க? நாங்க ஒரு சத்தமும் இல்லாம தூங்கணும்னுதாம்மா ஊருக்கே வர்றோம்" என்றார். பிறகு, "அல்லாஹ் நல்லபடியா கேக்க வைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அங்கே போய் இறங்கினால் மழை. திருவிழாத் திடல் முழுக்க நடவுக்கு உழுதுபோட்ட வயல் மாதிரி சேறு. காலை வைத்தால் செருப்பு உள்ளேயே நின்றுவிடும். வாடகைக் கூடாரம் ஒன்றில் குனிந்துதான் நுழைய வேண்டும், படுத்தால் முதுகுக்குக் கீழே ஈரம். ரொட்டியில் புளிக்காய்ச்சலைத் தடவித் தின்றோம். சுற்றிலும் தாடியும் பச்சைகுத்தலுமாக மலைமலையான ஆட்கள். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் என் பை சேற்றில் விழுந்தபோது ஓடிவந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். எனக்கு இடுப்பு விட்டுப்போனது. பெரம்பலூர் பஸ்ஸே சொர்க்கம் என்று தோன்றியது.

ஒன்று மட்டும் கவனித்தேன். அந்த இரைச்சலில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. தோளைத் தொடுகிறார்கள், முகத்தருகே வந்து பேசுகிறார்கள், கையால் காட்டுகிறார்கள். அத்தனை பேரும் என் கணவர் மாதிரி. அவர்களைவிட இவருக்குப் பழக்கம் அதிகம். வாயசைவைப் பார்த்தே கடைக்காரனிடம் காபி வாங்கிவந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு நிமிர்ந்து நடந்தார்.

அவருடைய குழு வாசிக்கும் நாளன்று காலையில், அவர் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்போது, நான் வெள்ளிக் காதை எடுத்துக்கொண்டு கிராமத்துக் கோயிலுக்கு நடந்தேன். செங்கல் கோயில், நல்ல உயரம். உள்ளே போய்ப் பார்த்தால் மாதா இல்லை. சுற்றிச் சுற்றி வந்தேன். சிலை, சுரூபம் எதுவும் கிடையாது, மெழுகுவர்த்தி வைக்கும் இடம் கிடையாது. அந்தப் பக்கமெல்லாம் பிராட்டஸ்டன்ட் கோயில்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. கண்டம் தாண்டி வந்து மாதா இல்லாத கோயிலாகப் பார்த்து நுழைந்திருக்கிறேன்.

பூ மாற்றிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவிடம் காதைக் காட்டினேன். அவருக்கு என் ஆங்கிலம் எட்டவில்லை. வெள்ளிக் காதைப் பார்த்தார், தன் காதைத் தொட்டுக் காட்டினார், பிறகு திருவிழாத் திடல் பக்கம் கையை நீட்டி, பாவம் என்பதுபோல் தலையை ஆட்டினார். வாசலோரம் ஒரு கூடை இருந்தது. அதிலிருந்து இரண்டு ஜோடிக் காதடைப்பான் எடுத்து என் கையில் வைத்து மூடினார். சத்தம் தாங்கவில்லை என்று நான் புகார் சொல்ல வந்ததாக நினைத்துவிட்டார்.

திரும்பி வந்து நடந்ததைச் சைகையும் வார்த்தையுமாக இவரிடம் சொன்னேன். அம்மா காது கொடுத்தனுப்பிய விஷயமே அப்போதுதான் அவருக்குத் தெரியும். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு தகட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மழை விட்டது. அந்த ஊரில் கோடையில் பொழுது சீக்கிரம் இருட்டுவதில்லை. நல்ல வெளிச்சத்திலேயே அவருடைய குழு மேடைக்கு வந்தது. அவர்களுக்கும் வயதாகியிருந்தது. இவர் காது மெஷினைக் கழற்றி பேன்ட் பையில் போட்டார், ஒப்புக்கொண்டபடி அடைப்பானைப் போட்டுக்கொண்டார். டிரம்மில் முதல் அடி விழுந்ததும் என் வயிறு அதிர்ந்தது. சுற்றிலும் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நான் மேடையைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் அடைப்பானைப் பிடுங்கினார். நான் கையைப் பிடித்தேன், விலக்கிவிட்டார். தலையைச் சாய்த்து ஒரு பக்கம் கேட்டார், திரும்பி மறுபக்கம் கேட்டார். காலையில் மில் பிரிவுக்குள் நுழைந்ததும் அவர் இப்படித்தான் நிற்பாராக இருக்கும். பிறகு குனிந்து என் காதில் வாய் வைத்துச் சொன்னார்.

"மில்லுதான் ஓடுது."

எனக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னார். "கித்தாரே கேக்கல. அடி மட்டும் விழுது. நம்ம மில்லு ஓடுற மாதிரியே இருக்கு."

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? டாக்டர் மேலா, ஆலை மேலா, மாதா மேலா, யார் மேல் என்று தெரியவில்லை. இவ்வளவு தூரம், இவ்வளவு சேறு, இந்த இடுப்புவலி, எல்லாவற்றையும் தாண்டி வந்து நின்றால் அவருக்கு அரியலூரே கேட்கிறது.

அப்போது அந்தப் பாட்டு வந்தது. பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் சமையலறைச் சுவர் வழியாக அதை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. நான் பருப்புக் கடையும் நேரமாகப் பார்த்து அதன் நடுப்பகுதி வரும். அடியெல்லாம் நின்று ஒற்றைக் கித்தார் மட்டும் மெல்ல ஏறும், ஒரு இடத்தில் தயங்கும், பிறகு சரசரவென்று உச்சிக்குப் போகும். இப்போது அடி நின்றது. இவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டக் கையைத் தூக்கினார்.

நான் பின்னால் போய் நின்று அவர் முதுகில் விரலை வைத்தேன். கித்தார் ஏற ஏற முதுகுத்தண்டின் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டே போனேன். அது தயங்கிய இடத்தில் நிறுத்தினேன். அந்த முதுகு அசையாமல் நின்றது. மறுபடி ஓடியபோது பத்து விரலாலும் தோள்வரை ஓடினேன். ஒரு சுரம் விடாமல் எனக்கு அது தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று எனக்கே வியப்பாக இருந்தது, பிடிக்காத பாட்டு அது. இவர் கண்ணை மூடிக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நானும் அழுதேன். இடுப்புவலிக்கும் சேர்த்துத்தான் அழுதேன்.

ஊர் திரும்பிய பிறகு சில நாள் அவர் காதில் இரைச்சல் நிற்கவில்லை. டாக்டர் திட்டினார், வாங்கிக்கொண்டோம். அந்த வாரக் கடைசியில் வழக்கம்போல் வரதராசன்பேட்டைக்குப் போனோம். இவர் வண்டியைக் கழுவுகிறேன் என்று கொல்லைக் குழாய்ப் பக்கம் போய்விட்டார். மாமியார் அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வச்சியா?"

கைக்குட்டை முடிச்சை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பொய் சொல்லவும் தெம்பில்லாமல் இருந்தது.

"இல்ல அத்தை. அங்க மாதாவே இல்ல. நாங்க யாத்திரைக்கே போகல."

"தெரியும்" என்றார். குழம்பைக் கிளறிக்கொண்டேதான் சொன்னார். "பெட்டியை அடுக்குனது நானு. யாத்திரைக்குப் போறவன் அத்தனை மண்டையோட்டுச் சட்டையா எடுத்துட்டுப் போவான்? படிக்கற காலத்துல லீவுக்கு வந்து இந்த வூட்டையே இடிச்சுக்கிட்டுக் கெடந்த பாட்டுதானே."

"பின்ன எதுக்கு அத்தை காதைக் குடுத்தீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடவா தெரியாது என்பது இருந்தது.

"பாட்டுக் கேக்கத்தானே போறான். காது வேணாமா?"

கரண்டியை வைத்துவிட்டு அவர் மெல்லக் கேட்டார். "கேட்டானா?"

பின்வாசல் வழியாகப் பார்த்தேன். இவர் முதுகைக் காட்டிக்கொண்டு வண்டிச் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாதி கேட்டாரு அத்தை. கனமா வர்றது கேட்டுச்சு. மெலிசா வர்றது கேக்கல."

"மீதி?"

"மீதியை நான் கேட்டேன். கேட்டு அவரு முதுகுல தட்டிச் சொன்னேன்."

மாமியார் வெள்ளிக் காதை எடுத்து உள்ளங்கையில் இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு மறுபடி முடிந்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். தட்டுகளை எடுத்துப் போட்டார், சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார். வழக்கமாக இந்த இடத்தில்தான் தெருவுக்கே கேட்கும்படி "தம்பீ" என்று ஒரு குரல் கொடுப்பார். அன்றைக்கு ஏனோ சும்மா இருந்தார். அவர் கூப்பிடாததால், உட்கார்ந்த இடத்திலிருந்தே நான் "என்னங்க" என்று கத்த வாயைத் திறந்தேன்.

"கத்தாத" என்றார். "சோறு ஆறுது. போய்த் தொட்டுக் கூப்பிடு."